கருப்பைத் தழும்பும் தாதியின் காவலும்

முதற்பிள்ளையை வயிற்றைக் கீறி எடுத்தபின், அடுத்த பிள்ளையை அத்தாய் இயற்கையாய்ப் பெறலாகுமோ என்னும் வினா இக்காலத்து நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசீயக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 சிசேரியன் என்னும் சஸ்திர முறையால் நிகழ்ந்தவை. ஆதலின் இவ்வினா சிலர்க்கே உரியதன்று. ஆகும், ஆகாது என்று தீர்ப்புரைப்பவர் மருத்துவர். ஆகும் என்று அவர் கூறியபின், அச்சொல் மெய்யாகும்வரை தாயின் கட்டிலருகே இரவும் பகலும் காத்து நிற்பவர் தாதி. அவர் பணி இத்தகையது என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

1916ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மருத்துவர் எட்வின் கிரேகின் என்பார், ஒருமுறை சிசேரியன் செய்யப் பெற்றவளுக்கு என்றும் சிசேரியனே என்னும் கருத்துப்பட எழுதினார். முதல் சஸ்திர சிகிச்சையை எளிதில் செய்துவிடற்க என எச்சரிப்பதே அவர் நோக்கம். பின்னையோர் எச்சரிக்கையை மறந்து விதியை மட்டும் பற்றிக்கொண்டனர்! அந்நாளில் கருப்பையின் மேற்பாகத்தை நெடுக்காகக் கீறுதலே வழக்கமாயிருந்தது. வேதனையின்போது வலிந்து சுருங்குவது அப்பாகமே. ஆகவே ஆண்டுள்ள தழும்பு பிளத்தல் எளிது. 1920க்குப் பின்னர் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர் முதலியோர், கீழ்ப்பாகத்தைக் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினர். இவ்வகைத் தழும்பு ஒன்றே உடையவராய் இயற்கைப் பிரசவத்தை முயல்வோருள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் அங்ஙனமே பெறுகின்றனர்; தழும்பு பிளத்தல் ஏறத்தாழ 200 பேரில் ஒருவர்க்கு நேர்கின்றது. மேற்பாகத்து நெடுக்குத் தழும்பாயின் அவ்வபாயம் நூற்றுக்கு 4 முதல் 9 வரை உயரும், அத்தகையோர் முயலலாகாது.

இதனால் தாதியின் முதல் வேலை பழைய மருத்துவக் குறிப்பைத் தேடிப் படித்தல் என்பது விளங்கும். வயிற்றுத் தோலின்மேல் தோன்றும் தழும்பைக் கண்டு உள்ளே கருப்பையில் எவ்வாறு கீறினர் என்று அறிதல் இயலாது. தோலில் குறுக்காகவும் கருப்பையில் நெடுக்காகவும் கீறியிருத்தல் கூடும். முன்னைப் பிரசவம் எப்பொழுது நிகழ்ந்தது, எக்காரணத்தால் கீறினர், இடையே இயற்கைப் பிரசவம் உண்டோ என்பனவும் வினவியறிய வேண்டும். இரத்த வகை அறிந்து இரத்தம் ஆயத்தமாயுளதோ, சஸ்திர சிகிச்சைக் கூடமும் மயக்க மருந்தளிக்கும் வைத்தியரும் கைக்கெட்டும் நிலையில் உளரோ என்பதையும் முன்னரே உறுதி செய்தல் அவர் கடமை.

வேதனை தொடங்கியபின் தாதியின் கண் தாயின் முகத்திலும், செவி குழந்தையின் இதயத்திலும் நிலைபெறும். தழும்பு பிளக்குங்கால் தாய் பெருநோவால் அலறுவாள், உதிரம் பெருகும் என்று பலர் எண்ணுவர். சிலரிடத்து அங்ஙனம் நிகழ்தலும் உண்டு. ஆயினும் பெரும்பான்மையும் முதலிற் செய்தி சொல்வது குழந்தையின் இதயமே. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டிய அது, தாழ்ந்து தாழ்ந்து எழுந்து, பின் எழாது நின்றுவிடும். அதனாலேயே இப்பிரசவங்களில் துடிப்பை இடைவிடாது பதியும் கருவியைத் தாயின் வயிற்றின்மேல் பொருத்துவர். கருவி இருக்கின்றதே என்று தாதி அயர்தல் ஆகாது. குழந்தையின் துடிப்பென்று அது காட்டுவது சிற்சில வேளை தாயின் நாடியாகவே இருந்துவிடும். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணி ஒப்பிட்டாலன்றி அவ்வேமாற்றம் வெளிப்படுவது அரிது.

வேறு குறிகளும் உள. ஒரு வேதனைக்கும் அடுத்ததற்கும் இடையே தணிய வேண்டிய நோவு தணியாதிருத்தல், தோள்முனையில் நோவு, நாடி விரைதல், சிறுநீரில் உதிரம், கீழிறங்கிய குழந்தையின் தலை மேலேறுதல் ஆகியவை அவற்றுட் சில. எல்லாவற்றினும் ஏமாற்றுவது, நன்றாய் வந்த வேதனை திடீரென ஓய்ந்துபோதல். சற்றே இளைப்பாறுகின்றாள் என்று சுற்றத்தார் மகிழ்வர். தாதி மகிழலாகாது. பிளவு நேர்ந்தபின் குழந்தைக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே. மருத்துவரை அழைப்பதோ வேண்டாவோ என்று தயங்குவார் அந்நிமிடங்களையே செலவிடுகின்றார். அழைத்தது வீணென்று பின்னர்த் தெரியினும், அத்தாதியைக் கடிதல் தகாது என்பது நம் கருத்து. ஒருமுறை கடியப்பட்டவர் மறுமுறை தயங்குவார்.

வேதனையைத் தூண்டும் ஆக்ஸிடோஸின் என்னும் மருந்தைச் சொட்டுச் சொட்டாய்ச் செலுத்துங்கால் பிளவின் அபாயம் மிகும். ஆகலின் பத்து நிமிடத்தில் எத்தனை வேதனை வருகின்றது என்று கைவைத்து எண்ணி, அளவு மிஞ்சின் மருந்தை நிறுத்தல் வேண்டும். மிஸோப்ரோஸ்டால் மாத்திரையை இவர்களுக்கு நிறைமாதத்தில் வேதனை எழுப்பக் கொடுத்தலாகாது.

இனித் தாயின் மனநிலை. முன்னைப் பிரசவத்தின் அச்சம் அவளை விட்டகலாது. 'இம்முறையும் கீறி விடுவார்களோ அம்மா?' என்று நாழிகைதோறும் கேட்பாள். ஆகாது என்று வாக்களித்தல் பொய். ஆகும் என்று அச்சுறுத்தல் கொடுமை. அவ்வப்பொழுது நிகழ்வதை உள்ளவாறு சொல்லி, உடனிருந்து, நடக்கவும் பக்கம் மாறிப் படுக்கவும் துணைசெய்தலே தக்கது. முயல்வோரில் நால்வருள் ஒருவர்க்கு மீண்டும் சஸ்திரம் வேண்டியதாகின்றது. அந்நிலையில் அவள் தோற்றாள் என்னும் சொல் உறவினர் வாயிலிருந்து எழுமுன், குழந்தையின் பொருட்டே இது செய்யப்படுகின்றது என்று அவர்க்கும் அவளுக்கும் எடுத்துரைப்பவரும் தாதியே.

பிள்ளை பிறந்துவிட்டது என்று காவல் முடிந்துவிடாது. பிரசவத்துக்குப் பின்னர் வெளிப்படும் பிளவும் உண்டு. உதிரப்போக்கையும் நாடியையும் அடிக்கடி நோக்கி, கருப்பை இறுகியுள்ளதோ என்று தடவிப் பார்த்தல் வேண்டும். தாய் வீடு செல்லுங்கால் கையிற் கொடுக்கும் சீட்டில், எவ்வாறு பெற்றாள் என்பதும், மறுபடி கீறியிருப்பின் கருப்பையில் எவ்விடத்தில், எத்திசையில் கீறினர் என்பதும் தெளிவாய் எழுதப் பெற்றனவோ என்று தாதி பார்த்துக் கொடுப்பார். அடுத்த பிரசவத்துக்கு அவள் எவ்வூர் மருத்துவமனைக்குச் செல்வாளோ, ஆண்டுள்ள தாதி முதலிற் கேட்பது அச்சீட்டையே.