சாலையில் உறங்குவோருக்கு ஒரு வீட்டுக் கணக்கு

நம் சங்க இதழில் இலக்கியக் கட்டுரைகளும் பக்திக் கட்டுரைகளும் நிறைய வருகின்றன. அவற்றை எழுதும் புலமை எனக்கில்லை. டிப்ளமா படித்து, இரயில்வேயில் கட்டுமானப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல், சிமெண்ட், எஸ்டிமேட். அந்த வழியிலேயே ஒரு விஷயத்தை அன்பர்களுக்கு விளக்கலாம் என்று எண்ணுகிறேன். நமது திருவனந்தபுரம் நகரில் வீடில்லாதவர்களின் தொகையைக் குறைக்க மாநகராட்சியும் அரசும் எப்படித் திட்டமிடுகின்றன, அந்தத் திட்டத்தில் நம் தமிழ் மக்கள் எங்கே விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான் அது.

சாலைக் கடைத்தெருவை நமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை அது. திருநெல்வேலியிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். கடைகள் அடைத்த பிறகு அங்கேயே திண்ணையில் படுக்கிறவர்களும் உண்டு.

நான்கு வகை, நான்கு மருந்து

‘வீடில்லாதவர்’ என்பது ஒரே சொல்லாக இருந்தாலும் அதற்குள் நான்கு வகையினர் அடங்குவர். முதலாவது, யாருமற்ற முதியோர், மனநலம் குன்றியோர், குடும்பத்தால் கைவிடப்பட்டோர். கிழக்கே கோட்டையிலும் தம்பானூரிலும் நாம் காண்பது இவர்களை. இரண்டாவது, ஊரில் வீடும் குடும்பமும் இருந்தும், கூலியை மிச்சம் பிடித்து அனுப்புவதற்காகக் கடைத் திண்ணையில் படுக்கும் தொழிலாளி. மூன்றாவது, புறம்போக்கிலும் தோட்டோரத்திலும் குடிசை போட்டிருக்கும் குடும்பங்கள். நான்காவது, ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, சொந்தமாக ஒரு செண்ட் நிலம்கூட இல்லாதவர்கள்.

முதல் வகைக்கு வேண்டியது காப்பகமும் வைத்தியமும். இரண்டாம் வகைக்கு மலிவு வாடகையில் படுக்க ஓர் இடம். மூன்றாம் வகைக்கு இருக்கும் இடத்திலேயே உறுதியான வீடு. நான்காம் வகைக்கு நிலம். தலைவலிக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது. பல திட்டங்கள் தடுமாறியதற்குக் காரணம் இந்தப் பாகுபாட்டைச் செய்யாததே.

எண்ணாதவருக்குப் பங்கில்லை

எந்த எஸ்டிமேட்டும் அளவெடுப்பில்தான் தொடங்கும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, தெருவில் இருப்பவர்களைத் தனியாக எண்ணினார்கள். இந்தியா முழுவதும் சுமார் 17.7 இலட்சம் பேர் வீடற்றோர் என்று கணக்கு வந்தது. அவர்களில் பாதிக்கு மேல் நகரங்களில். கேரளத்தின் பங்கு சுமார் 12 ஆயிரம். ஒரே இரவில் எடுக்கும் கணக்கில் கண்ணில் பட்டவர் மட்டுமே சேர்வார். திண்ணையில் படுப்பவர் பலருக்கு ஊரிலுள்ள வீட்டில் பெயர் இருப்பதால், இங்கே அவர் வீடற்றவர் ஆவதில்லை. குடிசையில் இருப்பவருக்கு ஏதோ ஒரு கூரை இருப்பதால் அவரும் இதில் வருவதில்லை.

இந்தக் கணக்கைத் திட்ட விதியோடு பொருத்திப் பாருங்கள். 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டத்தின்படி, ஒரு இலட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம். நம் மாநகராட்சியின் மக்கள் தொகை 2011-இலேயே 7 இலட்சத்துக்கு மேல். அப்படியானால் 700 பேருக்காவது இடம் தேவை, அதாவது 35,000 சதுர அடி. 100 பேருக்கான ஒரு காப்பகத்தை, தளத்துக்கு 2,500 சதுர அடி வீதம் இரண்டு தளங்களில் கட்டிவிடலாம். பொறியியலில் இது பெரிய வேலையே அல்ல. அதை எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி.

பழைய திட்டங்கள் சொல்லும் பாடம்

கேரளம் இந்த விஷயத்தில் முன்னோடி. 1972-இல் அச்சுத மேனோன் ஆட்சியில், வீட்டு வசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் ‘இலட்சம் வீடு’ திட்டத்தைத் தொடங்கினார். பஞ்சாயத்துக்கு 100 வீடு என்பது கணக்கு. செலவைக் குறைக்க, ஒரு நடுச்சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள். அந்நாளில் அது பெரிய சாதனை. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் தம் பாதியை இடித்துக் கட்ட நினைத்தாலும் அடுத்தவர் சுவர் தடையாக நின்றது. செலவை மிச்சப்படுத்திய சுவரே பிறகு சச்சரவுக்கும் காரணமாயிற்று. மேலும் அது பஞ்சாயத்துக் கணக்கு. நகரத்துத் தெருவில் படுப்பவரை அது தொடவில்லை.

நகரத்துக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, நம் நகரிலேயே வாழ்ந்து, 2007-இல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். தலைமைச் செயலகத்துக்கு அருகிலுள்ள செங்கல்சூளைக் குடியிருப்பில் அவர் ஏழைகளுக்காக மாடி வீடுகளை வடிவமைத்தார். செயலகம் கட்டியபோது செங்கல் சுட்ட இடம் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அச்சுத மேனோன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து பேக்கர் 1985-இல் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், பிற்காலத்தில் சாலைக்கு அருகே கரிமடம் குடியிருப்பிலும் அடுக்கு வீடுகளைக் கட்டியது.

இவற்றின் சிறப்பு மலிவு மட்டுமல்ல, மக்களை ஊருக்கு வெளியே துரத்தாமல் இருந்த இடத்திலேயே வீடு கொடுத்ததும்தான். சாலைச் சந்தையில் லாரி வந்து சரக்கு இறங்குவது விடிவதற்கு முன்னால். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், சுமைத் தொழிலாளி அந்த நேரத்தில் எந்த பஸ்ஸில் வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் திண்ணைக்குத்தான் வருவார். பாதையோரக் குடிசைகளை அகற்றும்போது நான் பல இடங்களில் கண்டது இதுதான். இங்கே அகற்றினால், சில மாதங்களில் கொஞ்ச தூரம் தள்ளி அதே முகங்கள், அதே தகரம், அதே தார்ப்பாய். பிழைப்பு இருக்கும் இடத்தைவிட்டு மனிதர் விலகமாட்டார்.

லைஃப் திட்டமும் அதன் கணக்கும்

2016-இல் கேரள அரசு ‘லைஃப்’ என்னும் வீட்டுத் திட்டத்தை அறிவித்தது. அது நான் மேலே சொன்ன பாகுபாட்டை ஓரளவு செய்தது. முதல் கட்டம், பழைய திட்டங்களில் பாதியில் நின்ற வீடுகளை முடிப்பது. அப்படி நின்றவை ஐம்பதாயிரத்துக்கும் மேல். இரண்டாம் கட்டம், நிலமிருந்தும் வீடில்லாதவர்களுக்கு. மூன்றாம் கட்டம், நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு. 2025 வரையில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. வேறு மாநிலங்கள் பார்த்துக் கற்க வேண்டிய வேலை இது.

இதில் உள்ளாட்சியின் பங்கு பெரிது. நகரங்களில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துடன் இணைத்தபோது, வீடு ஒன்றுக்கு 4 இலட்ச ரூபாயில் மத்திய அரசு தந்தது ஒன்றரை இலட்சம், மாநில அரசு 50 ஆயிரம், மீதி 2 இலட்சம் நகராட்சியின் பொறுப்பு. பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதும் தவணைகளைக் கொடுப்பதும் உள்ளாட்சியே. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் மூலம் கேரளத்தில் திட்ட நிதியின் பெரும் பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால்தான் இது கைகூடிற்று.

ஆனால் எஸ்டிமேட் போட்டுப் பழகிய கண்ணுக்கு இரண்டு குறை தெரிகிறது. சுமார் 400 சதுர அடி வீட்டுக்கு 4 இலட்சம் என்றால் சதுர அடிக்கு 1,000 ரூபாய். இன்றைய கூலிக்கும் கம்பி, சிமெண்ட் விலைக்கும் அது எட்டாது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். ஒரு கட்டத்தை முடிக்கப் பணமில்லாவிட்டால் அடுத்த தவணை வராது. பழைய வீடுகள் பாதியில் நின்றதும் இப்படித்தான். இரண்டாவது, நிலம். மூன்றாம் கட்டமே எல்லாவற்றிலும் மெதுவாக நகர்ந்தது. நகரத்தின் நடுவில் ஒரு செண்ட் நிலம் வாங்குவதற்கே வீட்டுப் பணம் முழுவதும் போதாது.

பின்லாந்து நாட்டில் 2008 முதல் ‘முதலில் வீடு, பிறகு சிகிச்சையும் வேலையும்’ என்ற கொள்கையை அரசும் நகராட்சிகளும் சேர்ந்து நடத்தின. பதினைந்து ஆண்டுகளில் அங்கே வீடற்றோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. தலைநகர் ஹெல்சிங்கியில் நிலத்தின் பெரும் பகுதி நகராட்சியின் கையில் இருந்தது அதற்குப் பெரிய துணை. நகராட்சியிடம் நிலம் இருந்தால்தான் ஏழைக்கு நகரில் இடம் கிடைக்கும். நம் மாநகராட்சி தன்னிடமுள்ள நிலத்தை வணிக வளாகத்துக்கு ஒதுக்கும்போதெல்லாம், மேல் தளத்தில் தொழிலாளர் விடுதிக்கு இடமுண்டா என்று நாம் கேட்க வேண்டும்.

காகிதம் என்னும் பூட்டு

நம்மவருக்கு மிக முக்கியமான பகுதி இது. லைஃப் திட்டத்துக்கு 2020-இல் விண்ணப்பம் வாங்கியபோது, ஒரு ரேஷன் கார்டில் இருப்பவர்களை ஒரு குடும்பமாகக் கொண்டார்கள். கார்டு இல்லாதவர் குடும்பமாகவே எண்ணப்படவில்லை. சாலையில் இருபது வருடம் மூட்டை சுமந்தவரின் கார்டு வள்ளியூரிலோ தக்கலையிலோ இருக்கும். தமிழ்நாட்டுக் கணக்கில் அவர் ஊரில் இல்லாதவர். கேரளக் கணக்கில் அவர் அயலூர்க்காரர். 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டில் சேர்ந்ததால் அரிசி எல்லை தாண்டி வந்துவிட்டது. வீட்டு உரிமை இன்னும் எல்லையிலேயே நிற்கிறது.

இந்தப் பூட்டைத் திறக்க முடியும் என்பதற்கும் கேரளத்திலேயே சான்று உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மாநகராட்சி தெருவில் இருந்தவர்களைச் சாலைக்கு அடுத்த அட்டக்குளங்கரை அரசுப் பள்ளி முதலிய இடங்களில் தங்க வைத்து உணவளித்தது. அன்று யாரிடமும் கார்டு கேட்டதாக நான் அறியேன். அடுத்து 2021-இல் அதிதீவிர வறுமையில் இருப்போரை வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களைப் பட்டியலிட்டார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்னும் நான்கையும் பார்த்து, குடும்பத்துக்குக் குடும்பம் தனித் திட்டம் எழுதினார்கள். காகிதமே இல்லாதவர்களுக்கு ஆதாரும் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் கொடுக்க ‘அவகாசம் அதிவேகம்’ என்று ஓர் இயக்கமும் நடந்தது. தமிழில் அவகாசம் என்றால் கால இடைவெளி, மலையாளத்தில் உரிமை. உரிமையை விரைவாகக் கொடு என்பது அதன் பொருள்.

2025 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் அதிதீவிர வறுமை நீங்கிய மாநிலம் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். அந்தக் கணக்கெடுப்பு முறையைப் பற்றிப் பொருளியல் அறிஞர் சிலர் கேள்வி எழுப்பினார்கள். கேள்வி நியாயமானதே. பட்டியலில் ஏறியவருக்கு நன்மை கிடைத்தது, ஏறாதவர் இன்னும் திண்ணையில் இருக்கலாம். வெளியூர்த் தொழிலாளிக்காக, தமிழக எல்லைக்கு அருகே பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் 2019-இல் ‘அப்னா கர்’ என்னும் மலிவு விடுதியை அரசு திறந்தது. தொழிற்பேட்டைக்குச் செய்ததைச் சந்தைக்கும் செய்யலாம். சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் மருத்துவமனையில் துணைக்கு இருப்போருக்கும் தனித்தனிக் காப்பகங்கள் நடத்துவதும் நாம் சுட்டிக்காட்டத் தக்க உதாரணம்.

நாம் செய்யக் கூடியது

சங்கம் கட்டடம் கட்ட வேண்டாம். கணக்கைச் சரிசெய்ய உதவினால் போதும். சாலை, கரிமடம், அட்டக்குளங்கரைப் பகுதிகளில் உள்ள நம் உறுப்பினர்கள், தங்கள் தெருவில் படுப்பவர், குடிசையில் இருப்பவர், ஒற்றை அறை வாடகைக் குடும்பங்கள் ஆகியோரை வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதலாம். கவுன்சிலரும் குடும்பஸ்ரீ பெண்களும் நடத்தும் வார்டுக் கூட்டங்களுக்குப் போய் அந்தப் பட்டியலைக் கொடுத்து, ஒப்புகை வாங்கலாம். மலையாளம் வாசிக்கத் தெரியாத நம் முதியோருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கலாம். இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஊரிலுள்ள கார்டை ஒப்படைத்து இங்கே கார்டு வாங்கச் சொல்லலாம். இரண்டு ஊரிலும் கால் வைத்துக்கொண்டு இரண்டிலும் இடமில்லாமல் போவது நம்மவரின் பழைய வியாதி. கடை முதலாளிகள், தங்கள் திண்ணையில் படுப்பவர் இத்தனை வருடமாக இங்கே வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் கொடுத்தால் அதுவும் உதவும்.

2027-இல் அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்று அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு முன்பாகவே நம் நோட்டு தயாராக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு வர விருப்பமுள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் தங்கள் வார்டு எண்ணோடு பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.