பித்தப்பையை எடுத்தாச்சு... பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கினீங்களா?

திண்டுக்கல்லில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த சில மணி நேரத்தில், வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலி. ஸ்கேன் எடுத்தால் ‘பித்தப்பையில் கல், சுவர் தடித்திருக்கு’ என்று வரும். ‘எடுத்துட்டா சரியாயிடும்’ என்பார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் சரியாகிறது. மிக மிகச் சிலருக்கு மட்டும் அந்தத் தடிப்பு, லிம்போமா என்ற புற்றுநோயாக இருந்துவிடுகிறது.

லிம்போமா என்றால் என்ன?

நோய் எதிர்ப்பு வேலையைப் பார்க்கும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறிகட்டியாகத் தெரிவதுதான் வழக்கம். பித்தப்பையில் இந்த அணுக்கள் இயல்பாகவே குறைவு. அதனால், அங்கேயே தொடங்கும் லிம்போமா ரொம்ப அபூர்வம். பித்தப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ‘அடினோகார்சினோமா’ வகை.

ஸ்கேனில் தெரியாதா?

கல்லால் வரும் வீக்கம், அடினோகார்சினோமா, லிம்போமா மூன்றுமே சுவர் தடிப்பாகத் தெரியலாம். வலி, வாந்தி, காய்ச்சல் போன்ற அறிகுறிகளும் ஒரே மாதிரிதான். எனவே, ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்ஸியில்தான் பலருக்கும் உண்மை தெரிய வருகிறது.

லேபில் என்ன நடக்கும்?

எடுத்த பித்தப்பையை ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். அதிலிருந்து வெட்டிய துண்டுகளை மெழுகு பிளாக்காக மாற்றி, மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் ‘இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி’ என்ற சாயப் பரிசோதனை. ‘சிடி20’ பாசிட்டிவ் என்றால் பி-செல் லிம்போமா பக்கம் கை காட்டும். ‘சைட்டோகெரட்டின்’ பாசிட்டிவ் என்றால் கார்சினோமா பக்கம். உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பெட் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

வகை தெரிவது ஏன் முக்கியம்?

சிகிச்சையே மாறிவிடும். ஆரம்ப நிலையைத் தாண்டிய அடினோகார்சினோமாவுக்கு, முடிந்தால் கல்லீரலின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள். வேகமாக வளரும் பி-செல் லிம்போமாவுக்கோ மருந்துதான் பிரதானம்: கீமோதெரபியுடன் ரிடுக்ஸிமாப். இந்த மருந்துக்கு அமெரிக்கா 1997-ல் அனுமதி தந்தது. 2007-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

திண்டுக்கல்காரர்கள் என்ன செய்யலாம்?

2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. சாயப் பரிசோதனை வசதி எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் மெழுகு பிளாக் வருடக்கணக்கில் கெடாது. மதுரைக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ பிளாக் போனால் போதும். அந்தப் பரிசோதனைக்காக நோயாளி அலைய வேண்டியதில்லை.

தையல் பிரிக்கப் போகும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். பயாப்ஸிக்கு அனுப்பினீங்களா? ரிப்போர்ட் எப்போ வரும்? பிளாக் எங்கே இருக்கு?