ஒயிட்னர் கவிழ்த்த ஆட்சி!

உங்கள் ஆபீஸ் மேஜையின் டிராயரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின், காய்ந்துபோன ஸ்டாம்ப் பேட், மூடி தொலைந்த பேனா... இவற்றுக்கு நடுவே குட்டியாக ஒரு ஒயிட்னர் பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். திறந்தால் மூக்கில் சுர்ரென்று ஏறும் அந்த வாசனை!

அந்தத் துக்கடா பாட்டில், ஒரு நாட்டின் ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். நடந்த இடம் மலாவி.

ஆப்பிரிக்க மேப்பில் தென்கிழக்குப் பக்கமாகத் தேடுங்கள். தான்சானியா, மொசாம்பிக், ஜாம்பியா என்று மூன்று பெரிய நாடுகளுக்கு நடுவே வெண்டைக்காய் மாதிரி நீளமாக ஒரு நாடு தெரியும். பக்கத்திலேயே நீளமாக ஒரு ஏரி. புகையிலையும் தேயிலையும் விளைவித்து வயிற்றைக் கழுவும் ஏழை நாடு. அவர்கள் ஊர் ரூபாய்க்குப் பெயர் 'குவாச்சா'. அர்த்தம், விடியல். பெயரில் இருந்த விடியல் பர்ஸுக்குள் வர ரொம்பக் காலம் பிடித்தது என்பது வேறு விஷயம்!

1964 ஜூலை 6-ல் வெள்ளைக்காரனிடமிருந்து சுதந்திரம். தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா. மனுஷர் 1971-ல் தன்னை 'ஆயுட்கால ஜனாதிபதி' ஆக்கிக்கொண்டார். ஆண்கள் முடி நீளமாக வளர்க்கக்கூடாது, பெண்கள் பேன்ட் போடக்கூடாது என்று சட்டம். எதிர்க்கட்சியா? மூச்! 1993-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 'பல கட்சி முறைதான் வேண்டும்' என்று தீர்ப்பான பிறகு, 1994 தேர்தலில் பண்டா தோற்றார். ஆயுள் இன்னும் பாக்கி இருந்தது, ஆட்சிதான் முடிந்துவிட்டது.

இனி நேராக 2019-க்கு வந்துவிடுவோம்.

ஜனாதிபதி தேர்தலில் முக்கியமாக மூன்று பேர். ஒருவர் புரொபஸர், ஒருவர் பாதிரியார், ஒருவர் கம்பெனி மேனேஜர்.

புரொபஸர், பீட்டர் முத்தாரிக்கா. அமெரிக்காவில் பல வருஷம் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். 2014 முதல் ஜனாதிபதி. (அவருடைய அண்ணன் பிங்குவும் ஜனாதிபதியாக இருந்து, பதவியில் இருக்கும்போதே 2012-ல் காலமானவர்.) பாதிரியார், லாசரஸ் சக்வேரா. ஒரு பெரிய சபைக்கு இருபது வருஷத்துக்கும் மேலாகத் தலைவராக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். தலைமை தாங்கியது எந்தக் கட்சிக்குத் தெரியுமா? அதே பண்டாவின் பழைய கட்சிக்கு!

மூன்றாமவர்தான் சுவாரஸ்யமான ஆசாமி. சாலோஸ் சிலிமா. செல்போன் கம்பெனி ஒன்றின் தலைமைப் பொறுப்பிலிருந்து வந்தவர். முத்தாரிக்காவுக்குத் துணை ஜனாதிபதி. 2018-ல் 'ஆட்சியில் ஊழல்' என்று சொல்லி வெளியே வந்து, தனிக்கட்சி ஆரம்பித்தார். ஆனால், துணை ஜனாதிபதி நாற்காலியை விடவில்லை! அங்கே துணை ஜனாதிபதியும் மக்கள் ஓட்டில் வருகிறவர். ஜனாதிபதி நினைத்தாலும் டிஸ்மிஸ் பண்ண முடியாது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் மருமகள் மாதிரி, இரண்டு பேரும் அந்தப் பதவிகளிலேயே இருந்துகொண்டு, ஒருவரை எதிர்த்து ஒருவர் ஓட்டுக் கேட்டார்கள்.

2019 மே 21. ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பார்வையாளர்கள்கூட முதல் அறிக்கையில், 'நல்லபடியாக நடத்தியிருக்கிறார்கள்' என்று பாராட்டிவிட்டார்கள்.

மே 27-ல் ரிசல்ட். முத்தாரிக்காவுக்கு 38.57 சதவிகிதம். சக்வேராவுக்கு 35.41. சிலிமாவுக்கு 20.24. முதல் இரண்டு பேருக்கும் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 59 ஆயிரம் ஓட்டு. மறுநாளே முத்தாரிக்கா பதவியேற்றுக்கொண்டார்.

அங்கேதான் ஒயிட்னர் என்ட்ரி!

மலாவியில் ஓட்டை அந்தந்த வாக்குச்சாவடியிலேயே எண்ணிவிடுவார்கள். எண்ணி, ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, கட்சி ஏஜென்டுகள் கையெழுத்துப் போடுவார்கள். அப்படி ஐயாயிரத்துச் சொச்சம் சாவடி. அந்தத் தாள்கள்தான் அடுக்கடுக்காக மேலே போய் நாட்டின் ரிசல்ட்டாக மாறும். அந்தத் தாள்களைப் பார்த்தால்... நம்பர்கள் மேல் வெள்ளைப் பூச்சு! காய்ந்த பூச்சின் மேல் புது நம்பர்! சில இடங்களில் ஒரிஜினல் தாளே இல்லை, வேறொரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஊரில் ஒயிட்னருக்கு 'டிப்பெக்ஸ்' என்று பெயர். நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அது மாதிரி. விஷயம் வெளியே வந்ததும் 'டிப்பெக்ஸ் தேர்தல்' என்று ஜனங்கள் நாமகரணமே சூட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் முன்பு ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். ரெஜிஸ்டரில் ஒயிட்னர் பட்டால் மனுஷருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். "தப்பா எழுதிட்டா குறுக்கே ஒரு கோடு போடு தம்பி. மேலே சரியானதை எழுது. பக்கத்துல இனிஷியல் போடு. கோடு போட்டா தப்பு மட்டும்தான் தெரியும். ஒயிட்னர் வெச்சா, நீ எதையோ மறைக்கறேன்னு தெரியும்!" என்பார். மலாவி கேஸின் சாராம்சம் அந்த நாலு வரிதான்!

தேர்தல் கமிஷன் என்ன சொன்னது? 'எண்ணுகிறவர்கள் அசதியில் கூட்டல் தப்புப் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்தினார்கள். ரிசல்ட் மாறவில்லை.' இருக்கலாம். ராத்திரி பூரா கண்விழித்துக் கூட்டினால் யாருக்கும் தப்பு வரும். ஆனால், பூச்சுக்கு அடியில் என்ன நம்பர் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு, 147 புகார்கள் வந்திருந்தன. அத்தனையையும் ஒழுங்காக விசாரிக்காமலே ரிசல்ட்டை அறிவித்துவிட்டார்கள் என்றும் குற்றச்சாட்டு.

எதிர்க்கட்சிகள் இரண்டு வேலை செய்தன. ஒன்று, கோர்ட்டுக்குப் போனார்கள். இன்னொன்று, தெருவுக்கு வந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் முன்னால் நிற்க, மாதக்கணக்கில் ஊர்வலம். 'தேர்தல் கமிஷன் தலைவி ஜேன் ஆன்சா ராஜினாமா செய்ய வேண்டும்!' என்பதுதான் கோஷம். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.) போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ராணுவமோ ஆச்சரியமாக, போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வந்து நின்று ஊர்வலக்காரர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

எல்லாமே இப்படி அழகாக நடந்தது என்று எழுதிவிட முடியாது. 2019 அக்டோபரில், தலைநகர் லிலாங்வேக்குப் பக்கத்தில் சுண்ட்வே என்ற இடத்தில் ஒரு போலீஸ்காரரைக் கூட்டம் கல்லால் அடித்தே கொன்றது. பதிலுக்கு ஊருக்குள் புகுந்த போலீஸார், பெண்களையும் சிறுமிகளையும் சீரழித்தார்கள். 2020-ல் ஹைகோர்ட், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஜனநாயகத்துக்குக் கொடுத்த விலையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கணக்கில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

கோர்ட்டில் ஐந்து ஹைகோர்ட் நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். விசாரணை ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு! கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கிற மாதிரி, மார்க்கெட்டிலும் மினி பஸ்ஸிலும் ஜனங்கள் குறுக்கு விசாரணை கேட்டார்கள். டிசம்பர் வரை இழுத்தது.

தீர்ப்பு நெருங்கும்போது ஒரு திருப்பம். நீதிபதிகளிடம் பணம் பேரம் பேசப்பட்டது. 'வாங்கினால் வாழ்க்கைக்கும் கவலையில்லை' என்கிற அளவு தொகை. நீதிபதிகள் என்ன செய்தார்கள்? புகார் கொடுத்துவிட்டார்கள்! நாட்டின் பெரிய பேங்க் முதலாளி ஒருவர் கைதாகி, 2021-ல் ஒன்பது வருஷத் தண்டனையும் பெற்றார்.

2020 பிப்ரவரி 3. நீதிபதிகள் ஐந்து பேரும் குண்டு துளைக்காத அங்கி மாட்டிக்கொண்டு, ராணுவ வாகனத்தில் கோர்ட்டுக்கு வந்து இறங்கினார்கள். கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. நாடே ரேடியோவில் காது வைத்துக்கொண்டிருந்தது. தீர்ப்பு சுமார் 500 பக்கம். படித்து முடிக்கக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம்!

முடிவு: முறைகேடு ஒன்றிரண்டு இடத்தில் நடந்த தவறல்ல. பரவலாக, வரிசையாக, மோசமாக நடந்திருக்கிறது. தேர்தல் செல்லாது. 150 நாளுக்குள் மறுதேர்தல் நடத்து!

கூடவே இன்னொரு குண்டு. 'பெரும்பான்மை' என்று சட்டத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகமா? இல்லை, பாதிக்கு மேல்! இனி ஐம்பது சதவிகிதத்தைத் தாண்டினால்தான் ஜனாதிபதி. 38 சதவிகிதத்தில் நாற்காலி ஏறிய காலம் முடிந்தது. சட்டப் புரொபஸருக்கே சட்ட வகுப்பு!

முத்தாரிக்கா அப்பீல் போனார். மே 8-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஜேன் ஆன்சா ராஜினாமா செய்தார்.

ஆப்பிரிக்காவில் ஜனாதிபதி தேர்தலைக் கோர்ட் ரத்து செய்தது இது முதல் தடவையல்ல. 2017 செப்டம்பர் 1-ல் கென்யாவில் சுப்ரீம் கோர்ட் செய்தது. ஆனால், அங்கே மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா புறக்கணித்துவிட்டார். ஏற்கெனவே இருந்த ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா 98 சதவிகிதம் வாங்கி மறுபடி உட்கார்ந்தார். கேஸில் ஜெயித்தும் கைக்கு ஒன்றும் வரவில்லை.

மலாவி எதிர்க்கட்சிகள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஐம்பது சதவிகிதம் வேண்டும் என்றால் கூட்டுச் சேராமல் முடியாது. 35-ம் 20-ம் கூட்டிப் பாருங்கள், 55! எல்.கே.ஜி. கணக்கு. ஆனால், தலைவர்களின் ஈகோ அந்தக் கணக்கைப் போடவிடாது. இங்கே போடவிட்டது. மூன்றாம் இடம் வந்த சிலிமா, 'நான் துணை ஜனாதிபதியாக நிற்கிறேன், நீங்கள் மேலே நில்லுங்கள்' என்று சக்வேராவுக்கு வழிவிட்டார். மொத்தம் ஒன்பது கட்சிக் கூட்டணி. பெயர் 'டோன்ஸே'. 'நாம் எல்லோரும்' என்று அர்த்தம்.

ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அரசாங்கம் கடைசி அஸ்திரத்தை விட்டது. 'தலைமை நீதிபதிக்கு லீவு நிறைய பாக்கி இருக்கிறது. ரிடையராகும்வரை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்' என்று ஓர் அறிவிப்பு! நமக்கெல்லாம் ஒருநாள் சி.எல். கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அவருக்கோ கேட்காமலே லீவு! வக்கீல்கள் அங்கியோடு தெருவில் இறங்கினார்கள். ஹைகோர்ட் தடை போட்டது. லீவு கேன்சல்.

2020 ஜூன் 23. கொரோனா காலம். வெளிநாட்டிலிருந்து வந்து மேற்பார்வை பார்க்க ஆளில்லை. ஜனங்களே பார்த்துக்கொண்டார்கள். சக்வேரா 58.57 சதவிகிதம்! 'இதுவும் ஒழுங்கான தேர்தல் இல்லை' என்று முத்தாரிக்கா குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் ஆட்சி கைமாறியது. கோர்ட் ரத்து செய்த ஜனாதிபதி தேர்தலை மறுபடி நடத்தி, அதில் எதிர்க்கட்சி ஜெயித்தது ஆப்பிரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை. அந்த ஐந்து நீதிபதிகளுக்கு லண்டனின் சாத்தம் ஹவுஸ் பரிசு கொடுத்தார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். வாழ்க்கையில் அதற்கப்புறம்தான் விலைவாசி வரும்!

வந்தது. 2023 மார்ச்சில் 'ஃப்ரெடி' புயல், 600 பேருக்கு மேல் பலி. அதே வருஷம் நவம்பரில் குவாச்சாவின் மதிப்பை 44 சதவிகிதம் குறைத்தார்கள். பெட்ரோலுக்கு மைல் கணக்கில் க்யூ. ஊழலை எதிர்த்து வந்த சிலிமா மேலேயே 2022-ல் ஊழல் வழக்கு. 2024 மே மாதம் அந்த வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த மாதம், ஜூன் 10-ல், அவர் போன ராணுவ விமானம் வடக்கே காட்டுக்குள் விழுந்து நொறுங்கியது. அவரோடு போன எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. வழிவிடத் தெரிந்த தலைவருக்கு வயது 51.

2025 செப்டம்பர் 16. மறுபடி தேர்தல். மறுபடி அதே இருவர். ரிசல்ட்? முத்தாரிக்கா 56.8 சதவிகிதம். சக்வேரா 33! ஆமாம், கோர்ட் வீட்டுக்கு அனுப்பிய அதே புரொபஸர், 85 வயதில் திரும்பி வந்துவிட்டார். சக்வேராவின் கட்சி, 'முறைகேடு' என்று கோர்ட்டுக்குப் போய் ரிசல்ட்டை நிறுத்தப் பார்த்தது. நடக்கவில்லை. ரிசல்ட் வெளியாகும் முன்பே சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

புது ஆட்சியில் துணை ஜனாதிபதி யார் என்று கேளுங்களேன்... ஜேன் ஆன்சா! எந்த அம்மாவை ராஜினாமா செய்யச் சொல்லி ஊரே கூடிக் கத்தியதோ, அதே அம்மா!

போன வாரம் அந்த ஹெட் கிளார்க்கை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ரிடையராகிப் பல வருஷம். கதை முழுக்கச் சொன்னேன். "இதுக்கா சார் அவ்வளவு போராட்டம்? கடைசியில பழைய ஆளே வந்துட்டாரே!" என்றேன்.

அவர் சிரித்தார்.

"அன்னிக்கு வந்தது 38. இன்னிக்கு வந்தது 56. அன்னிக்கு உட்கார வெச்சது ஒயிட்னர் பட்ட தாள். இன்னிக்கு உட்கார வெச்சது ஜனங்க. ரெண்டும் ஒண்ணா? பேலன்ஸ் யாருக்குச் சாதகமா வருதுன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா தம்பி? ரெஜிஸ்டர் சுத்தமா இருக்கான்னுதானே பார்ப்பேன்!"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக டிராயரிலிருந்த ஒயிட்னரைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.