ஒரு மாத்திரையும் தீவகத்துக் கடலும்

எமது உடலின் கலங்களுக்குப் 'பெருகு' என்றும் 'நிறுத்து' என்றும் வரும் கட்டளைகளைக் கடத்துவதில் கைனேஸ் எனப்படும் நொதியங்கள் முதன்மையானவை. ஏ.ரி.பி. மூலக்கூற்றிலிருந்து பொஸ்பேற்றுக் கூட்டமொன்றை எடுத்து வேறொரு புரதத்திற் பொருத்துவதே இவற்றின் தொழில். மனித உடலில் இவ்வகை நொதியங்கள் 500 இற்கும் மேற்பட்டவை உள்ளன.

அவற்றுள் ஒன்று ஏபிஎல். 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்ளும்போது இந்நொதியம் கட்டுப்பாட்டை இழக்கின்றது. 'பெருகு' என்ற கட்டளை ஓயாது பிறக்க, வெண்குருதிக் கலங்கள் அளவின்றிப் பெருகுகின்றன. நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோய் என்பது இதுவே. இது தொற்றுநோயன்று, பெற்றோர் வழி வருவதுமன்று.

ஏ.ரி.பி. அமரும் இடத்தில் தான் அமர்ந்து அந்நொதியத்தை அடக்கும் இமற்றினிப் மாத்திரை 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நோயாளர் பலர் ஏனையோரைப் போன்றே நீண்டகாலம் வாழ்கின்றனர். ஆயினும் அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாகவே இருந்தது. நொவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 இல் அதனை உறுதிசெய்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மருந்தைத் தொடர்ந்து தயாரிக்க அத்தீர்ப்பு வழிவிட்டது.

விலை என்ற தடை தளர்ந்தபோதிலும் தூரம் என்ற தடை எமது தீவகத்தில் நீங்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் படகேறிக் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்திற்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ செல்லவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. இம்மாத்திரையோ நாள் தவறாது உட்கொள்ளப்படவேண்டியது. இடைவெளி விழுந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத நிலையும் தோன்றலாம். உணவோடும் போதிய நீரோடும் உட்கொள்ளவேண்டிய மருந்தாதலின், நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரர்கள் ஸஹர் வேளையிலா இப்தார் வேளையிலா எடுப்பது, நோன்பு நோற்கலாமா என்பவற்றை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம். தாமாக மருந்தை நிறுத்துதல் ஆகாது.

2022 இன் மருந்துத் தட்டுப்பாடு தந்த பாடத்தை நாம் மறத்தலாகாது. மாரி தொடங்குமுன் தீவக நோயாளருக்குப் பல வாரங்களுக்குரிய மருந்தை ஒருசேர வழங்குவதும், அவர்தம் இரத்த மாதிரிகளைத் தீவக வைத்தியசாலைகளிலேயே பெற்றுப் பரிசோதனைக்கு அனுப்புவதும் பெருஞ்செலவு வேண்டாத ஏற்பாடுகள். சுகாதார அதிகாரிகள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டுமென வலியுறுத்துகின்றோம். விஞ்ஞானமும் நீதிமன்றமும் கரைசேர்த்த மருந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் தங்கிவிடலாகாது.