ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான்

திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் மயிலம் – புதுச்சேரி சாலையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பௌர்ணமி வந்தால் வக்ரகாளியம்மன் கோயிலுக்கு வேனும் ஆட்டோவும் வந்து குவிகின்றன. இவற்றில் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி அபூர்வம். டிப்பரில் பின்பக்கம் ஃபோகஸ் லைட், கேபினில் ஃபேன், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ். வேனில் இவற்றோடு ஆம்ப்ளிஃபயரும் கலர் விளக்கும். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இரண்டு வழிகள். ஒன்று, ஹெட்லைட்டுக்கோ சாவி சுவிட்சுக்கோ போகும் ஒயரைச் சீவி, புது ஒயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. கம்பெனி அந்த ஒயரின் பருமனையும் அதற்கான ஃபியூஸையும் ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்தது. கூடுதல் சுமை ஏறியதும் ஃபியூஸ் அடிக்கடி போகும். உடனே 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் ஏறும். அதுவும் கையில் இல்லையென்றால் செம்பு நூலைச் சுற்றிவிடுவார்கள். இரண்டாவது வழி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸே இல்லாமல் நேராக ஒயர் இழுப்பது. இது முதல் வழியைவிட மோசம்.

இந்த இரண்டுக்கும் மாற்று, கூடுதல் சாதனங்களுக்கென்றே ஒரு தனி ஃபியூஸ் பெட்டி. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர் அதற்குள் வரும்; அங்கிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் அதனதன் ஃபியூஸோடு தனித்தனி ஒயர் பிரியும். கம்பெனி ஒயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

ஃபியூஸ் எதற்கு?

ஃபோகஸ் லைட்டைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். லைட் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். காப்பாற்ற வேண்டியது ஒயரை. குவாரிச் சாலையின் அதிர்வில் ஒயர் சேஸிஸ் விளிம்பில் உரசி, மேல்தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டால் அது ஷார்ட் சர்க்யூட். லாரி பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். கரண்ட் இருமடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும். பென்சில் முனைப் பருமனுள்ள ஒயர் சில நொடிகளில் பழுத்துவிடும். அதன் பிளாஸ்டிக் உருகிப் பக்கத்து ஒயர்களையும் பற்றவைக்கும். அந்த நிலைக்குப் போகுமுன் தான் உருகி வழியை அறுப்பதுதான் ஃபியூஸின் வேலை.

ஆனால் அதற்கும் வேகக் கணக்கு உண்டு. 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியரில் போய்விடாது, நாள்கணக்கில் தாங்கும். 13.5 ஆம்பியரில் பத்து நிமிடம் வரை தாக்குப் பிடிக்கலாம். 20 ஆம்பியர் ஓடினால் ஐந்து நொடிக்குள் போய்விடும். ஆகவே, ஃபியூஸ் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலான கரண்டையும் ஒயர் சூடேறாமல் சுமக்க வேண்டும். 10 ஆம்பியர்தான் தாங்கும் ஒயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், முதலில் எரிவது ஒயர். பக்கத்தில் ஃபியூஸ் முழுசாக இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு

சாதனத்தின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டை வண்டியின் வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். கார், வேன், சிறிய சரக்கு வண்டிகள் 12 வோல்ட். பெரிய டிப்பர்கள் 24 வோல்ட்.

டிப்பரின் பின்பக்கம் 27 வாட் எல்இடி விளக்கு நான்கு மாட்டுவதாக வையுங்கள். மொத்தம் 108 வாட். 24-ஆல் வகுத்தால் 4.5 ஆம்பியர். அதே விளக்குகளை 12 வோல்ட் வேனில் மாட்டினால் 9 ஆம்பியர். ஃபியூஸ் தொடர்ந்து சுமக்கும் கரண்ட் அதன் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதன்படி டிப்பருக்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ், வேனுக்கு 15 ஆம்பியர்.

அடுத்தது ஒயர். பருமனைச் சதுர மில்லிமீட்டரில் சொல்லி வாங்குங்கள். நல்ல செம்பு ஒயருக்குப் பாதுகாப்பான கணக்கு இது: 1 சதுர மி.மீ. ஒயருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20, 4-க்கு 30, 6-க்கு 40. இஞ்சின் பக்கமாகவோ பல ஒயர்களோடு கட்டாகவோ போனால் ஒரு படி தடித்ததை எடுங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரை வாங்கிவிடாதீர்கள். அதே பருமனில் அது குறைவாகத்தான் சுமக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

நீளமும் கணக்கில் சேரும். கேபினிலிருந்து வண்டியின் பின்முனைக்கு ஒயர் 7 மீட்டர், திரும்பி வர 7 மீட்டர் என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயரில், 24 வோல்ட் டிப்பரின் 4.5 ஆம்பியருக்கு வழியில் இழப்பது ஏறக்குறைய 0.7 வோல்ட்; மூன்று சதவீதம்தான். 12 வோல்ட் வண்டியில் அதே தூரத்துக்கு அதே விளக்குகள் என்றால் 1.4 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், 12 சதவீதம். விளக்கு மங்கும். ஆகவே 12 வோல்ட் வண்டியில் பின்பக்கம் போகும் ஒயர் 2.5 அல்லது 4 சதுர மி.மீ. இருக்கட்டும்.

கடைசியாக எல்லாச் சாதனங்களின் ஆம்பியரையும் கூட்டுங்கள். ஆல்டர்நேட்டர் எத்தனை ஆம்பியர் தரும் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். வண்டியின் சொந்தத் தேவை போக மிச்சத்துக்குள் உங்கள் கூட்டல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எந்த ஃபியூஸ் பெட்டியும் உதவாது; பேட்டரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும்.

பெட்டியும் அதன் துணைகளும்

கடையில் ஆறு வழி, எட்டு வழி, பன்னிரண்டு வழி என்று ஃபியூஸ் பெட்டி கிடைக்கும். இன்றைய தேவையைவிட இரண்டு வழி கூடுதலாக வாங்குங்கள். மூடி உள்ளதாகப் பாருங்கள். குவாரித் தூசி உள்ளே படிந்து மழை ஈரம் சேர்ந்தால் முனைகள் பச்சை பூக்கும். எர்த் ஒயர்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் நெகட்டிவ் பட்டை சேர்ந்த பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

இரட்டைக் கத்தி முனையுள்ள பிளேடு ஃபியூஸ்களின் நிறமே அளவைச் சொல்லும். 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 அடர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட் வரைக்குமானது என்பதால் 12, 24 இரண்டு வண்டிக்கும் ஒன்றே போதும்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மெயின் ஃபியூஸ் கட்டாயம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்க வேண்டும். பேட்டரிக்கும் மெயின் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள ஒயருக்கு எந்தக் காவலும் இல்லை. அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பெட்டிக்கு 6 சதுர மி.மீ. ஒயர் போனால் மெயின் ஃபியூஸ் 40 ஆம்பியர். உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ்களின் கூட்டுத்தொகை 40-ஐத் தாண்டலாம், எல்லாம் ஒரே நேரத்தில் முழுசாக ஓடாது. மெயின் ஃபியூஸ் மட்டும் அந்த ஒயரின் தாங்குசக்தியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது துணை ரிலே. விளக்கின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் கருகும். ரிலே இருந்தால் சுவிட்ச் ஒரு சின்னக் கரண்டை மட்டும் தட்டிவிடும். பெரிய கரண்டை ரிலே திறந்து மூடும். அதன் அடியில் எண்கள் இருக்கும். 30-இல் ஃபியூஸிலிருந்து வரும் ஒயர், 87-இல் விளக்குக்குப் போகும் ஒயர். 85, 86 இரண்டும் சுருளுக்கு: ஒன்றில் சுவிட்ச், மற்றதில் எர்த். டிப்பருக்கு 24 வோல்ட் ரிலேதான் வாங்க வேண்டும். 12 வோல்ட் ரிலேயின் சுருள் அதில் எரிந்துவிடும்.

எந்தச் சாதனம் சாவி போட்டால் மட்டும் ஓட வேண்டும், எது எப்போதும் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் எப்போதும். ஃபேன், சார்ஜர், கேமரா எல்லாம் சாவியோடு. ஒரு சாதனம் 0.1 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றாலும், வண்டி பத்து நாள் நின்றால் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர்-மணி போயிருக்கும்.

மாட்டப் போவது ஒரு டேஷ்கேம் மட்டும் என்றால் இத்தனையும் தேவையில்லை. கம்பெனி ஃபியூஸ் பெட்டியில் செருகி, அங்கிருந்தே இன்னொரு ஃபியூஸோடு கிளை பிரிக்கும் ஹோல்டர் கிடைக்கிறது, அதுவே போதும்.

பொருத்தும்போது

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. அதைத் திரும்ப மாட்டுவது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக.

பெட்டிக்கு இடம் தேடும்போது மூன்றைப் பாருங்கள்: தண்ணீர் அடிக்கக் கூடாது, சைலன்சர் சூடு படக் கூடாது, இரவில் டார்ச் பிடித்தபடி கை எட்ட வேண்டும். டிப்பரில் கேபினுக்குள் கிளீனர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே வசதியாக இருக்கும். கேபினை முன்னால் சாய்க்கும் வண்டி என்றால், கீலருகே ஒயருக்குத் தொய்வு விட வேண்டும். விடாவிட்டால் முதல் தடவை கேபினைத் தூக்கும்போதே ஒயர் இழுபட்டு அறும்.

தகட்டில் துளையிட்டு ஒயர் நுழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட் வையுங்கள். சேஸிஸ் நெடுக நெளிவுக் குழாய்க்குள் ஒயரை விட்டு, ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் போடுங்கள். டிப்பரின் பாடி ஏறி இறங்கும் இடத்திலும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் பக்கமும் ஒயர் போகவே கூடாது. முனைகளுக்கு லக் வைத்து, அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சித்திரை வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

விளக்கு மினுக்கினால் பலரும் பாசிட்டிவ் பக்கமே தேடுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி எர்த். எர்த் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

டிப்பர்காரர்களுக்குத் தனியாக

24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். 12 வோல்ட் பாட்டுப் பெட்டியை ஓட்ட, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பேட்டரி மற்றதைவிட அதிகம் இறங்கும். சார்ஜ் ஆகும்போது ஒன்று நிரம்பாமலே இருக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகும். இரண்டும் ஆயுள் முடியுமுன்பே போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை வாங்கி, ஃபியூஸ் பெட்டியின் ஒரு வழியில் மாட்டுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இஞ்சினையும் புகைக்கழிவையும் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. அதன் சென்சார் ஒயர்களைச் சீவுவதோ, பல்பு வைத்த டெஸ்டரால் குத்திப் பார்ப்பதோ கூடாது, வாரன்டியும் கேள்விக்குள்ளாகும். தனிப் பெட்டி வைப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஜிபிஎஸ் கருவியின் சொந்த ஒயரிங்கிலிருந்தும் எதையும் பிரிக்காதீர்கள்.

ஒயரிங் சரியாக இருந்தாலும் மாட்டும் பொருள் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதி, பல சுரம் மாறி ஒலிக்கும் ஹாரனையும் காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடை செய்கிறது. முன்பக்கத்தில் ஸ்பாட் லைட்டும் சர்ச் லைட்டும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இன்றி மாட்ட 111-ஆம் விதி இடம் தரவில்லை. பின்பக்க வேலை விளக்கைச் சரக்கு இறக்கும்போது மட்டும் போடுங்கள். சாலையில் அது எரிந்தால் பின்னால் வரும் பைக்காரருக்குக் கண் தெரியாது.

பணம் கொடுக்குமுன்

எல்லாச் சாதனங்களையும் ஒன்றாகப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஃபியூஸ், லக், ரிலே ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த இணைப்பு தளர்வாகவோ ஒயர் மெல்லியதாகவோ இருக்கிறது. விளக்கின் முனையில் மல்டிமீட்டர் வைத்து, பேட்டரியில் உள்ள வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். நீளக் கணக்கில் வந்த இழப்பைவிட அதிகமாகக் குறைந்தால் காரணம் கேளுங்கள்.

பெட்டியின் மூடியில் எந்த வழி எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று அழியாத மையால் எழுதி வாங்குங்கள். அந்த அளவுகளில் இரண்டிரண்டு ஃபியூஸ் மூடிக்குள்ளேயே இருக்கட்டும். நடுவழியில் ஃபியூஸ் போனால் அதே அளவில் ஒன்றை மாற்றுங்கள். அதுவும் உடனே போனால் பெரிய அளவைத் தேடாமல் அந்தச் சாதனத்தை நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டி வாருங்கள். மற்ற வழிகள் தனித்தனி என்பதால் மீதி எல்லாம் வேலை செய்யும். ஒயர் எங்கே உரசுகிறது என்று மறுநாள் பகல் வெளிச்சத்தில் தேடிக்கொள்ளலாம்.