ஒளியும் அந்நியமும்: ரி கலங்கள் பற்றிய இரு பரிசோதனைகள்

நிர்ப்பீடனவியலின் கலைச்சொற்களை நோக்கும் இலக்கிய மாணவர் எவருக்கும் வியப்பு ஏற்படாமற் போகாது. ‘தன்னது’, ‘அந்நியம்’, ‘படையெடுப்பு’, ‘கொல்லும் கலம்’ என அத்துறையில் வழங்கும் சொற்களிற் பல அரசியலிலிருந்தும் போர்க்களத்திலிருந்தும் பெறப்பட்டவை. அவுஸ்திரேலிய விஞ்ஞானி மக்பார்லேன் பேர்ணற், பிராங் பெனருடன் இணைந்து 1949 இல் வெளியிட்ட நூலில், ‘தன்னது – தன்னதல்லாதது’ என்னும் பாகுபாட்டினை முதன்மைப்படுத்தினார். சமூகத்திடம் இரவல் பெற்ற சொல் விஞ்ஞானத்தின் முத்திரையுடன் சமூகத்திற்கே மீளும்போது, அந்நியரை வெறுத்தல் இயற்கையின் நியதி என்னும் கருத்தியலுக்கு அது துணைபோகக்கூடும். எனவே, கலமொன்று ‘அந்நியத்தை’ உண்மையில் எவ்வாறு இனங்காண்கின்றது என்னும் வினா உயிரியலாளருக்கு மட்டும் உரியதன்று.

குருதியிலுள்ள ரி கலங்கள் ஏனைய கலங்களின் மேற்பரப்பில் வைக்கப்பட்டிருக்கும் புரதத் துணுக்குகளைத் தம் வாங்கிகளால் தொட்டுப் பார்க்கின்றன. அத்துணுக்குகளிற் பெரும்பாலானவை உடலுக்கே உரியவை. மிகச் சிலவே கிருமிகளிலிருந்து வந்தவை. வாங்கி இருவகைத் துணுக்குகளோடும் பிணையக்கூடியது. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே தோன்றுகின்றது? புரத உற்பத்தியிற் பிழைகள் அருகிக் காணப்படுவதை விளக்க ஹொப்பீல்ட் (1974), நினியோ (1975) ஆகியோர் முன்வைத்த கோட்பாட்டினை மக்கீதன் 1995 இல் ரி கலத்திற்குப் பொருத்தினார். அச்சகத்து ஒப்புநோக்கற் பணியின் பெயராலேயே அக்கோட்பாடு வழங்குகின்றது. பிணைப்பு நிகழ்ந்ததும் கலத்தினுள் இரசாயன மாற்றங்கள் படிப்படியாக நிகழ்கின்றன. அவை நிறைவெய்துமுன் துணுக்கு விலகிவிட்டால் அனைத்தும் தொடக்க நிலைக்கே மீள்கின்றன. போதிய நேரம் நீடிக்கும் பிணைப்பே கலத்தினைத் தூண்டும்.

இதனைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பிணைப்பின் காலத்தை மாற்றுவதற்குத் துணுக்கையே மாற்றவேண்டியிருந்தது. துணுக்கு மாறினால் பிணைப்பின் பிற இயல்புகளும் உடன் மாறின. காலத்தை மட்டும் தனித்துப் பிரித்தெடுக்கும் வழியினைத் தாவரங்களின் ஒளியுணர் புரதங்கள் வழங்கின. 1952 இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் விவசாய ஆய்வு நிலையத்தார், சலாது விதைகள் செவ்வொளியில் முளைப்பதையும், செந்நிறத்தின் கடைக்கோடியிலுள்ள தொலைச்செவ்வொளி அம்முளைப்பைத் தடுப்பதையும் கண்டனர். இதற்குக் காரணமான புரதமே பைற்றோகுரோம். அதன் ஒரு வகை செவ்வொளியில் மற்றொரு தாவரப் புரதத்துடன் பிணையும். தொலைச்செவ்வொளியில் அதனை விட்டு விலகும்.

ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர் 2019 இல் அம்மற்றைய புரதத்தை ரி கலத்தின் வாங்கியோடு இணைத்து, பைற்றோகுரோமைத் துணுக்கின் இடத்தில் நிறுத்தினர். செவ்வொளியின் கீழ் பைற்றோகுரோம் பிணையும் நிலைக்கும் பிணையா நிலைக்கும் இடையே இடையறாது மாறிக்கொண்டிருக்கும். ஒளியின் செறிவு கூடக்கூட அம்மாற்றம் விரைவுற்று ஒவ்வொரு பிணைப்பும் குறுகும். நீண்ட பிணைப்புகளே கலத்தினுட் கல்சியம் உயரும் வண்ணம் அதனைத் தூண்டின. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், நீலவொளியால் விலகும் வேறொரு புரதச் சோடியையும் செயற்கை வாங்கியையும் கையாண்டு இதனையொத்த முடிவையே எய்தினர். பிணைந்துள்ள வாங்கிகளின் எண்ணிக்கை ஒத்திருந்தபோதும், பிணைப்பு நீடித்த கலங்களிலேயே சமிக்ஞை வலுப்பெற்றது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? ஒரு தாவரப் புரதம் ரி கலத்திற்கு முற்றிலும் புறத்தேயுள்ளது. எனினும் பிணைப்புக் குறுகியபோது கலம் அதனைப் பொருட்படுத்தவில்லை, நீண்டபோது துலங்கிற்று. தொடுவது எங்கிருந்து வந்தது என்பதைக் கலம் அறியாது. அது எவ்வளவு நேரம் தங்கியது என்பதையே அளக்கின்றது. ‘தன்னது’ என்பதும் பிறவிச் சாசனமன்று. உடலின் துணுக்குகளோடு வலுவாகப் பிணையும் ரி கலங்களிற் பெரும்பாலானவை தைமசுச் சுரப்பியில் நீக்கப்படுகின்றன. எஞ்சியவை உயிர்வாழ்வதற்கு அதே துணுக்குகளுடனான மெல்லிய தொடர்பு வேண்டியிருக்கின்றது. தன்னுடற் கலங்களையே தாக்கும் நோய்கள் இவ்வொழுங்கு பிறழக்கூடியது என்பதை உணர்த்துகின்றன.

இம்முடிவுகளின் எல்லைகளையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். இவை வளர்ப்பு ஊடகத்திற் பேணப்படும் கலங்களில், செயற்கையான பிணைப்புகளைக் கொண்டு பெறப்பட்டவை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதோ சான்று என முழங்கும் ஆசை எம்போன்றோருக்கு எழுதல் இயல்பே. ஆயின், தத்துவச் சூத்திரங்களை இயற்கையின் மீது திணித்தமையால் விளைந்த கேட்டினை 1948 இல் உச்சமடைந்த லைசென்கோ விவகாரம் எமக்கு உணர்த்தியுள்ளது. கலத்திலிருந்து சமூக விதியொன்றை வருவிக்க நாமும் முற்படுதல் ஆகாது.

எமது கூற்று இதனினும் சிறியது. அந்நியரை ஒதுக்குவதற்கு உடலைச் சாட்சிக்கு அழைப்போர் தவறான சாட்சியையே அழைக்கின்றனர். அவர்கள் இயற்கை எனக் காட்டுவது, அவர்களே முன்னர் உடலின்மீது ஏற்றிவைத்த உருவகத்தையேயாம்.