வினைச்சொல் மாறினால் வாக்குமூலமும் மாறும்: இத்தாலிய மொழி படிக்கும் எங்களவர்களுக்கு

இத்தாலியில் பத்து ஆண்டுகள் சட்டப்படி வசித்த, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்த ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2018 டிசெம்பர் முதல் இதனுடன் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துள்ளது. ‘பி1’ நிலையில் இத்தாலிய மொழி தெரியும் என்பதற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். நீண்டகால வதிவிட அனுமதி ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கும், அரசுடன் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் செய்தவர்களுக்கும் விலக்கு உண்டு. அந்த நீண்டகால அனுமதியைப் பெறுவதற்கே ‘ஏ2’ நிலை மொழியறிவு தேவை.

பலெர்மோவில் எங்கள் மக்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். இந்துக்களும்கூட பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி ஏற்றி வணங்கும் அளவுக்கு அந்த ஊரோடு கலந்துவிட்டார்கள். ஆனாலும் பரீட்சை என்றவுடன் பலர் பயப்படுவது வினைச்சொல் அட்டவணைக்குத்தான். அங்கே முதியோர் பராமரிப்பு வேலை செய்யும் என் சித்தி, “கதைக்கிறது பிரச்சினையில்லை பிள்ளை, அந்தக் கட்டம் போட்ட பக்கத்தைப் பார்த்தால்தான் தலை சுத்துது” என்றார். அவருக்காகத்தான் நானும் இந்த மொழியைப் படிக்கத் தொடங்கினேன். அந்தக் கட்டங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதும், சில இடங்களில் ஒரு வினைவடிவம் மாறினால் ஒருவரின் கதையே மாறிவிடும் என்பதும் படிக்கப் படிக்கத்தான் புரிந்தன. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

ஒழுங்கற்ற வினை எங்களுக்குப் புதிதல்ல

‘படி’ என்றால் படிக்கிறேன், படித்தேன். ஆனால் ‘வா’ என்றால் வருகிறேன், வந்தேன். ‘வா’, ‘வரு’, ‘வந்’ என்று ஒரே சொல் மூன்று உருவம் எடுக்கிறது. ‘தா’வும் அப்படியே. ‘காண்’ இறந்தகாலத்தில் ‘கண்டேன்’ ஆகிறது. இதை எவரும் அட்டவணை போட்டுப் படித்ததில்லை. அடிக்கடி பயன்படும் சொல்தான் பழைய உருவத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும். எல்லா மொழிக்கும் இது பொது.

இத்தாலிய வினைகள் ‘ஆரே’, ‘ஏரே’, ‘ஈரே’ என்ற மூன்று ஈறுகளில் முடிகின்றன. ‘ஆரே’ குழுவில் ஒழுங்கு தவறுபவை அந்தாரே (போ), ஃபாரே (செய்), ஸ்தாரே (இரு), தாரே (கொடு) ஆகிய நான்குதான். ‘போ’ என்பதன் நிகழ்கால வடிவங்கள் இவை: வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ. இலத்தீனின் வேறொரு வினை இதற்குள் புகுந்துவிட்டதால் சில ‘வா’விலும் சில ‘அந்’திலும் தொடங்குகின்றன. ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தாலியர் உங்களைப் பார்த்து ‘வா’ என்றால், போகச் சொல்கிறார் என்று பொருள்.

நான்கு திறப்புகள்

வினைமுற்றுக்கு இத்தாலிய மொழியில் நான்கு பாங்குகள் உள்ளன. நடந்ததை உறுதியாகச் சொல்வது இந்திகாதீவோ. நினைப்பு, ஐயம், விருப்பம் ஆகியவற்றுக்குக் கொஞ்சுந்தீவோ. ‘இப்படியானால் அப்படிச் செய்வேன்’ என்பதற்குக் கொந்திசியோனாலே. ஏவுவதற்கு இம்பெராதீவோ. முதலாவதில் மட்டும் எட்டுக் காலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆறு இடவடிவங்கள் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். பின்வரும் நான்கு திறப்புகள் அந்த மலைப்பைப் பெருமளவு குறைக்கும்.

முதலாவது, பழைய வேர். ஃபாரே, தீரே (சொல்), பேரே (குடி) ஆகியவை இலத்தீனில் நீளமான சொற்களாக இருந்து சுருங்கியவை. தொலைந்த எழுத்துகள் மற்றக் காலங்களில் திரும்பி வருகின்றன. ஃபச்சேவோ (செய்துகொண்டிருந்தேன்), திச்சேவோ, பெவேவோ என்பவற்றைப் பாருங்கள். ‘ஃபச்சே’, ‘திச்சே’, ‘பெவே’ என்று வேரைப் படித்துவிட்டால் இம்பெர்ஃபெத்தோ எனும் தொடர் இறந்தகாலம் ஒழுங்காகவே வரும். அந்தக் காலத்தில் உண்மையாகவே ஒழுங்கு தவறுவது எஸ்ஸெரே (இரு) ஒன்றுதான்: ஏரோ, ஏரி, ஏரா.

இரண்டாவது, ஒன்றைப் படித்தால் இரண்டு கிடைக்கும். எதிர்காலத்துக்கும் கொந்திசியோனாலேக்கும் வேர் ஒன்றே. அந்த்ரோ (போவேன்), அந்த்ரேய் (போவேன், ஆனால்...). அவ்ரோ, அவ்ரேய். வெர்ரோ, வெர்ரேய். கடையில் பொருள் கேட்கும்போது ‘வொல்யோ’ (வேணும்) என்பதைவிட ‘வொர்ரேய்’ என்பது பணிவாக ஒலிப்பதும் இந்தப் பாங்கினால்தான்.

மூன்றாவது, 1-3-3. பஸ்ஸாத்தோ ரெமோத்தோ எனும் முற்றிறந்தகாலத்தில் பெரும்பாலான ஒழுங்கற்ற வினைகள் தன்மை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே ஒழுங்கு தவறும். ‘எடு’ என்பதற்கு ப்ரேசி, ப்ரேசே, ப்ரேசெரோ. மற்ற மூன்றும் ஒழுங்கானவை. வட இத்தாலியில் இந்தக் காலத்தைப் பேச்சில் கேட்பது அரிது, அங்கே அது புத்தகத்துக்குரியது. சிசிலியில் அப்படியல்ல, காலையில் நடந்ததைக்கூட இந்தக் காலத்தில் சொல்வார்கள். பலெர்மோவில் இருப்பவர்கள் பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காகவாவது இதைப் படிக்க வேண்டும்.

நான்காவது, மரியாதை. எங்கள் ‘வா’வுக்கும் ‘வாங்கோ’வுக்கும் உள்ள வேறுபாடு அங்கும் உண்டு. நெருங்கியவரிடம் ‘வியேனி’, மரியாதைக்குரியவரிடம் ‘வெங்கா’. இந்த மரியாதை ஏவல் உண்மையில் கொஞ்சுந்தீவோவிலிருந்து கடன் வாங்கியது. எங்கள் ‘வாழ்க’, ‘வருக’ போன்ற வியங்கோளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கற்ற வினைகளில் தன்மை ஒருமையின் ஈற்று ‘ஓ’வை ‘ஆ’ ஆக்கினால் பெரும்பாலும் அது கிடைத்துவிடும்: வாதோ, வாதா. தீக்கோ, தீக்கா. வெங்கோ, வெங்கா. எஸ்ஸெரே, அவேரே, ஸ்தாரே, தாரே, சபேரே ஆகிய ஐந்தையும் மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். வைத்தியசாலையிலும் காரியாலயத்திலும் உங்களிடம் ‘மி தீக்கா’ (சொல்லுங்கோ) என்றுதான் கேட்பார்கள். முதியவரைப் பராமரிப்பவர்களும் இதையே பழக வேண்டும்.

எங்கே ஆபத்து இருக்கிறது

இனிச் சொல்வது பரீட்சையைவிட முக்கியமானது. புகலிடக் கோரிக்கையாளரின் நேர்காணல் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உதவியோடு நடக்கிறது. ஆனால் பதிவாவது இத்தாலிய மொழியில். அங்கே இரண்டு இறந்தகாலங்கள் எதிரெதிரே நிற்கின்றன.

‘தொவேவோ லஷாரே லா காசா’ என்றால், வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது என்று பொருள். போனேனா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ‘ஓ தொவூத்தோ லஷாரே லா காசா’ என்றால், போக வேண்டி வந்தது, போனேன். ‘அவ்ரேய் தொவூத்தோ’ என்று தொடங்கினால், போயிருக்க வேண்டும், போகவில்லை. ஒரே வினை, மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள்.

‘சபேவோ’ என்றால் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. ‘ஓ சபூத்தோ’ என்றால் அப்போதுதான் அறிந்தேன். தமிழில் ‘எனக்குத் தெரிந்தது’ என்று சொன்னால் இரண்டில் எதுவும் ஆகலாம். மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். ‘தம்பியைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்தது’ என்று ஒரு தாய் சொன்னால், முன்பே தெரிந்திருந்ததா, பின்னர் கேள்விப்பட்டதா? பதிவை வாசிப்பவருக்கு அது பெரிய வேறுபாடு.

ஊடகம் படித்தவளாக என்னை நிறுத்திய இடம் இன்னொன்று. இத்தாலியப் பத்திரிகைகள் உறுதிப்படுத்தாத செய்தியைக் கொந்திசியோனாலேயில் எழுதும். ‘ஆ ஸ்பராத்தோ’ என்றால் சிப்பாய் சுட்டான். ‘அவ்ரெப்பே ஸ்பராத்தோ’ என்றால் சுட்டதாகக் கூறப்படுகிறது. எங்கள் ‘சுட்டானாம்’ போன்றது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘சுட்டிருப்பான்’ என்று வந்துவிடும். எங்களைப் பற்றி இத்தாலிய ஊடகங்களில் வருவதை வாசிக்கும்போது, செய்தியாளர் ஒன்றை உண்மை என்று எழுதுகிறாரா, குற்றச்சாட்டு என்று எழுதுகிறாரா என்பதை இந்த ஒரு வடிவமே காட்டிவிடும்.

கடைசியாகக் கொஞ்சுந்தீவோ. ‘சோ கே எ வீவோ’ என்றால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ‘கிரேதோ கே சியா வீவோ’ என்றால், உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறேன். தெரிந்ததற்கு ‘எ’, நம்புவதற்கு ‘சியா’. பேச்சு வழக்கில் சிலர் இந்த வேறுபாட்டை விட்டுவிடுவார்கள், எழுத்தில் விடுவதில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கேள்வியை இத்தாலிய மொழியில் எழுதுவதென்றால் ‘சியா’வில்தான் எழுத வேண்டியிருக்கும். ‘எ’ என்று எழுதுவதற்குத் தேவையான பதிலைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

என்ன செய்யலாம்

வளர்ந்தவர்களுக்கான அரசக் கல்வி நிலையங்கள் இத்தாலியெங்கும் உள்ளன. ‘சி.பி.ஐ.ஏ.’ என்று கேட்டால் காட்டுவார்கள். குடிபெயர்ந்தோருக்கான மொழி வகுப்புகள் அங்கே நடக்கின்றன. குடியுரிமைக்குரிய சான்றிதழைச் சியெனா, பெரூஜா வெளிநாட்டார் பல்கலைக்கழகங்கள், ரோமா த்ரே பல்கலைக்கழகம், தாந்தே அலிகியேரி சங்கம் ஆகியவை வழங்குகின்றன. முதலில் எஸ்ஸெரே, அவேரே, அந்தாரே, ஃபாரே, தீரே, வெனீரே, ஸ்தாரே, தாரே, பொத்தேரே, தொவேரே, வொலேரே, சபேரே என்ற பன்னிரண்டையும் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வினை, அதை வைத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து மூன்று வாக்கியங்கள். கட்டம் போட்ட பக்கத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வாக்குமூலத்தைக் கையொப்பத்துக்கு முன் வாசித்துக் காட்டும்போது அவசரப்படாதீர்கள். ‘முன்பே தெரியும் என்று எழுதியிருக்கிறதா, பிறகு அறிந்தேன் என்று எழுதியிருக்கிறதா?’ ‘போக வேண்டியிருந்தது என்றா, போனேன் என்றா?’ என்று மொழிபெயர்ப்பாளரிடம் தமிழிலேயே கேளுங்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.